ஜீப்பா, ஜோங்காவா, சக்திமானா? பழைய பட்டாளத்து வண்டி எடுக்க நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தோட்டமும் ஒரு கொட்டகையும் வைத்திருப்பவர்களில் சிலருக்கு, பழைய பட்டாளத்து வண்டி ஒன்றை எடுத்துப் பிரித்துப் பழுது பார்த்து மறுபடி ஓடவைக்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருக்கிறது. ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள், ஓசூர் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள், லாரித் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளைகள் என்று அவர்கள் பலவகைப்பட்டவர்கள். கேள்வி மட்டும் ஏறத்தாழ ஒன்றுதான்: ஜீப் எடுப்பதா, ஜபல்பூரில் படைக்காகச் செய்த ஜோங்கா எடுப்பதா, எடுப்பதுதான் எடுக்கிறோம் என்று சக்திமான் லாரியையே எடுத்துவிடுவதா? இதற்குப் பெரும்பாலும் குதிரைத்திறனையும் தோற்றத்தையும் வைத்தே விடை சொல்லப்படுகிறது. என் கருத்து வேறு. இந்த வட்டாரத்தில் வண்டி வைத்துக்கொள்ளப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காகிதம், அடுத்தது உதிரிபாகம், எஞ்சின் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது.

எவற்றை வைத்து எடைபோடுவது

பட்டாளத்தில் இருக்கும்வரை ஒரு வண்டிக்கு ஆர்.டி.ஓ. பதிவு கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்கீழ் பாதுகாப்புத் துறையின் அதிகாரியே அதைப் பதிந்துகொள்கிறார். மேல்நோக்கிய அம்புக்குறி, வாங்கிய ஆண்டைக் காட்டும் இரண்டு இலக்கங்கள், அதன்பின் எழுத்தும் வரிசை எண்ணும் என்று வரும் அந்தப் பலகையை நெடுஞ்சாலையில் எல்லோரும் பார்த்திருப்போம். படையின் பயன்பாட்டிலிருந்து வண்டி விலகியதும் மற்ற வண்டிகளைப் போலவே அதற்கும் பொதுப் பதிவு வேண்டும். ஏலத்தில் எடுத்த முதல் ஆள் அந்தப் பதிவைச் செய்தாரா, அல்லது உடைத்து விற்கத்தானே என்று விட்டுவிட்டாரா என்பதில்தான் வண்டியின் பிற்காலம் அடங்கியிருக்கிறது. 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்காமல் உடைப்பு நிலையத்துக்கு அனுப்பும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. படைத்துறையின் செயற்களச் சிறப்பு வாகனங்களுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், புதிதாக ஏலத்துக்கு வரும் வண்டியை எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட, முன்பே பொதுப் பதிவு பெற்றுத் தனியார் கையில் இருக்கும் வண்டியைத் தேடுவதே நல்லது.

சந்தையில் கிடைக்கும் வண்டிகளைக் காகிதத்தின் அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, சாதாரண ஆர்.சி. உயிரோடு இருப்பது: 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 20 ஆண்டு தாண்டிய இலகு வாகனத்துக்கு இந்தப் புதுப்பித்தல் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டது. அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, விண்டேஜ் பதிவுக்குத் தகுதி உள்ளது. மூன்றாவது, எந்தக் காகிதமும் இல்லாதது, அதாவது கொட்டகையை விட்டு வெளியே வர முடியாதது.

விண்டேஜ் பதிவைப் பற்றிப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதலான விதிகள் சேர்க்கப்பட்டன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவத்திலேயே பேணப்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். எண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து ‘விஏ’ என்று வரும். ஏற்கெனவே எண் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விதி சொல்லும் ‘வாகனம்’ இரு சக்கர வண்டிகளும், எம்1 எனப்படும் பயணியர் நான்கு சக்கர வண்டிகளும்தான். எம்1 என்றால் ஓட்டுநரைத் தவிர்த்து எட்டு இருக்கைக்கு மேல் இல்லாத பயணியர் வண்டி. எனவே சரக்கு லாரி எத்தனை பழையதானாலும் இந்தக் கதவு அதற்குத் திறக்காது. தகுதி பெற்ற வண்டியையும் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டுமே அது சாலைக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒகேனக்கல் போய்வர நினைப்பவருக்கு விண்டேஜ் எண்ணைவிடச் சாதாரண ஆர்.சி.யே பெருமதிப்புள்ளது என்பதை வாங்குவதற்கு முன்பே உணர்ந்துகொள்வது நல்லது.

காகிதத்தோடு ஒட்டிய இன்னும் இரண்டு விதிகள் உண்டு. சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பூட்டிய பழைய ஜீப்புகளும் ஜோங்காக்களும் நாடெங்கும் ஓடுகின்றன, ஆர்.சி.யில் அது ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. அடுத்தது வண்ணம். பாதுகாப்புத் துறையின் வண்டி அல்லாத எதற்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்பது மத்திய விதிகளின் 121ஆம் விதி. இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் ஆசைப்படுவதே அந்த நிறத்துக்குத்தான் என்பது வேடிக்கை. அடர்பச்சை, பாலைவன மஞ்சள், சாம்பல் என்று வேறொரு நிறத்தைத் தேர்ந்து, அதை ஆர்.சி.யிலும் ஏற்றிக்கொள்வதே வழி. அம்புக்குறி எண்ணையும் படைப்பிரிவுச் சின்னங்களையும் எழுதிக்கொண்டு சாலையில் போவது வம்பை விலைகொடுத்து வாங்குவது.

உதிரிபாகமும் வேலைக்காரரும் அடுத்த அளவுகோல். இந்த வட்டாரம் இதில் பாக்கியம் செய்தது. ஓசூரில் அசோக் லேலண்டு 1980இல் ஆலை தொடங்கியதிலிருந்து வளர்ந்த சிறு எந்திரப் பட்டறைகள் இருக்கின்றன. தெற்கே சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரி பாடி கட்டும் ஊர்கள் இருக்கின்றன. வடக்கே பெங்களூரு ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகள் அரைநாள் வேலைக்குள் அடங்கும். ஆனால் ஓசூரில் கணினி இயக்கும் எந்திரங்கள் கொண்ட பட்டறைகள் ஒற்றைப் புஷ்ஷுக்காகத் தம் வேலையை நிறுத்த மாட்டா. ஒரு பின்னோ புஷ்ஷோ வேண்டுமென்றால் பழைய லேத் பட்டறையைத்தான் நாட வேண்டும். அதே வண்டி வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வரைபடத்துக்கு மொத்தமாகக் கடைந்து வாங்கினால்தான் பெரிய பட்டறை செவிசாய்க்கும்.

கடைசியாக, சாலையும் வானிலையும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று இங்கே இல்லாததால் தகரம் அரிப்பது மெதுவாகத்தான் நடக்கிறது. இந்த மாவட்டங்களில் நெடுநாள் நின்ற வண்டியின் சேஸ், சென்னையில் நின்ற வண்டியைவிடப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் தொப்பூர் கணவாய். நான்கு டிரம் பிரேக்கை மட்டும் நம்பி, ஒரே மாஸ்டர் சிலிண்டரோடு அந்த இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இறங்குவது எப்படி என்பதை வண்டி எடுக்கும்போதே நினைத்துப் பார்க்க வேண்டும்.

போர்க்கால ஜீப்: வில்லீஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ

1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் உருவாக்கிய வண்டி இது. 2,199 சிசி, நான்கு சிலிண்டர், பக்கவால்வு பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத்திறன். அமுக்க விகிதம் 6.48 மட்டுமே என்பதால் எந்தத் தரத்துப் பெட்ரோலிலும் தட்டாமல் ஓடும். 11 அடி நீளம், ஐந்தடிக்குச் சற்று மேல் அகலம் என்பதால் டிராக்டர் நிற்கும் இடத்தில் பாதியே போதும்.

இந்தியாவில் ‘போர்க்கால ஜீப்’ என்று விற்கப்படுவனவற்றில் கணிசமானவை கலப்பு வண்டிகள்: ஒன்றின் சேஸ், இன்னொன்றின் பாடி, வேறொன்றின் எஞ்சின். பிரித்தறிய சில அடையாளங்கள் உண்டு. போர்க்காலத் தகர கிரில்லில் ஒன்பது திறப்புகள் இருக்கும். போருக்குப் பின் வந்த பொதுமக்கள் ஜீப்பில் ஏழு. சேஸின் முன் குறுக்குச் சட்டம் வில்லீஸில் உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்த ‘யு’ வடிவப் பட்டை. ஃபோர்டு தன் போல்ட் தலைகளிலும் சிறு பாகங்களிலும்கூட ‘எஃப்’ எழுத்தைப் பதித்திருக்கும். தரைத் தகரத்தின் அடியில் மரச்சட்டம் வைத்த தொப்பி வடிவப் பட்டை ஒன்று ஓடுகிறது. அந்த மரம் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பட்டையை உள்ளிருந்தே தின்றுவிடும். மேலே எவ்வளவு பட்டி வைத்து மெருகேற்றியிருந்தாலும், அடியில் படுத்து அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

மறைசெலவு பெரும்பாலும் ‘மூல வடிவம்’ என்ற நிபந்தனையில் ஒளிந்திருக்கிறது. விண்டேஜ் பதிவுக்குச் சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பதால், இங்கே எளிதில் கிடைக்கும் மகிந்திரா பாகத்தைப் பூட்டும் ஒவ்வொரு முறையும் தகுதி சற்றுக் கரைகிறது. டி-84 கியர்பாக்ஸ் இந்த வண்டியின் பலவீனமான இடம். பிற்கால டி-90 பூட்டினால் உறுதி, ஆனால் மூலம் போய்விடும். ஆறு வோல்ட் மின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டால் பேட்டரி, பல்பு எல்லாமே தேடி அலைய வேண்டியவை. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்க வரி பாகத்தின் விலையோடு போட்டி போடும்.

காகிதம் முழுமையாக இருந்து, எண்கள் ஒத்துப்போய், வண்டியை ஆண்டுக்குச் சில முறை மட்டும் பேரணிக்குக் கொண்டுபோக நினைப்பவருக்கு இதைவிடச் சிறந்த வண்டி இல்லை. அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த பகுதியைப் படிப்பது நல்லது.

மகிந்திரா தயாரித்த ஜீப்

மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லீஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கி, பிறகு சிஜே3பி வகையைத் தன் அடித்தளமாகவே ஆக்கிக்கொண்டது. அதன் உயர்ந்த பானட்டுக்குக் காரணம் எஞ்சின்தான். அதே 2,199 சிசி கொள்ளளவில், உள்வாங்கும் வால்வை ஹெட்டுக்கு மேலே கொண்டுபோய், வெளியேற்றும் வால்வைப் பிளாக்கிலேயே விட்டுவைத்த அமைப்பு. ஆற்றல் 70 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். படை, வனத்துறை, பொதுப்பணித்துறை, தோட்ட முதலாளிகள் என்று எல்லோரும் வைத்திருந்த வண்டி என்பதால் இதைத் திறந்து மூடத் தெரிந்த கைகள் பாலக்கோட்டிலும் அரூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் இன்னும் இருக்கின்றன. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களின் பாதைகளுக்கும் இது பழகிய வண்டிதான்.

உதிரிபாகத்தில் இதற்கு நிகர் எதுவுமில்லை. இழுவையை முன்பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸின் பாகங்கள், கிங்பின், பிரேக் சிலிண்டர், 6.00-16 டயர் எல்லாமே கடையில் கேட்டால் கிடைக்கும். புதுத் தகரப் பாடியே கட்டி விற்கும் பட்டறைகள் அரியானா எல்லையில் உள்ள மண்டி டப்வாலியில் வரிசையாக இருக்கின்றன. எளிதாகக் கிடைப்பதே ஒரு பொறியாகவும் ஆகிவிடுகிறது. பளபளக்கும் புதுப் பாடியும் அகன்ற டயரும் பூட்டி ‘மிலிட்டரி ஜீப்’ என்று விற்கப்படும் வண்டிக்குள் பட்டாளத்தைப் பார்த்த பாகம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஓட்டிப் பார்க்க மட்டும் ஆசைப்படுகிறவருக்கு அதில் குற்றமில்லை; புதுப்பிக்கும் வேலையில் இன்பம் காண்பவருக்கு அங்கே செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது.

பெட்ரோல் எஞ்சினோடு பிறந்து அதே எஞ்சினோடு இருக்கும் ஜீப் கிடைப்பது கடினம், ஏனென்றால் டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெரும்பாலானவை மாற்றப்பட்டுவிட்டன. எனவே இங்கே காகிதச் சோதனை இரு மடங்கு தேவை. ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் வண்டியில் தடவிப் பார்த்து ஒப்பிட வேண்டும். ஒரு செத்த வண்டியின் ஆர்.சி.யை உயிருள்ள வண்டிக்கு ஒட்டுவது இந்தச் சந்தையில் பழைய தந்திரம். சேஸ் எண் பதித்த இடத்தில் வெல்டிங் தழும்போ, எழுத்தின் உயரத்தில் ஏற்றத்தாழ்வோ இருந்தால் அங்கேயே கிளம்பிவிடலாம். கையெழுத்தில் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகமானால் அந்த விவரம் அரசின் வண்டிப் பதிவு இணையதளமான ‘வாகன்’ தளத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஏறவில்லையென்றால் விற்பவரே தம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றித்தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜோங்கா, அதன் உடன்பிறப்பான ஒரு டன் நிசான்

நிசான் பேட்ரோல் 60 வரிசையின் உரிமத்தில் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை படைக்காகச் செய்த வண்டி ஜோங்கா. 3,956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஏறத்தாழ 110 குதிரைத்திறன். கிரிக்கெட் வீரர் தோனி 2019இல் ஒன்றை வாங்கிய செய்தி வந்தபின், இந்தப் பெயரையே கேள்விப்படாதவர்களும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓட்டுகிற இன்பத்தில் நான்கு வண்டிகளிலும் இதுதான் முதல் என்று தயங்காமல் சொல்வேன். அந்த ஆறு சிலிண்டரின் இழுவைக்கு அஞ்செட்டி மலைப்பாதையில் கியர் மாற்றும் தேவையே குறைவு.

செலவைக் கணக்குப் பார்த்தால் அந்த இன்பம் சற்று அடங்கும். லிட்டருக்கு மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் என்பதே இதன் இயல்பான ஓட்டம். தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு 90 கிலோமீட்டருக்குச் சற்று மேல். லிட்டருக்கு நான்கு என்று வைத்தாலும் ஒரு வழிக்கு 23 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பிறகு, போய்வர 4,600 ரூபாய்க்குக் குறையாது. இந்த எண்ணைக் கண்டு அஞ்சித்தான் பலரும் டீசல் எஞ்சினுக்குத் தாவுகிறார்கள். 1990களின் பிற்பகுதியில் பொதுமக்களுக்கென மிகச் சிறு எண்ணிக்கையில் ஹினோ டீசல் எஞ்சினோடு ஜோங்கா விற்கப்பட்டது உண்மை. அதைச் சொல்லி, பட்டறையில் எஞ்சின் மாற்றிய வண்டியைத் ‘தொழிற்சாலை டீசல்’ என்று விற்பவர்களும் உண்டு. ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடம் எதைச் சொல்கிறதோ அதுவே முடிவு.

உதிரிபாகம் இந்த வண்டியில் பொறுமையைச் சோதிக்கும். பொதுச் சந்தைக்கென்று முகவர் வலைப்பின்னல் எதுவும் இருந்ததில்லை. படையின் கழிவு ஏலங்களில் போன பாகங்கள் தில்லி மாயாபுரி, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் அவ்வப்போது தலைகாட்டும். பார்த்த அன்றே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதே குடும்பத்துப் பேட்ரோல் வண்டி ஆஸ்திரேலியாவில் பெருவாரியாக விற்றதால் கேஸ்கட் தொகுப்பு, பிஸ்டன் ரிங் போன்றவற்றுக்கு அந்த வழி இருக்கிறது. கிராங்க் கிரைண்டிங், சிலிண்டர் போரிங், வால்வு சீட்டு வேலை எல்லாம் சேலத்திலோ ஓசூரிலோ முடிந்துவிடும். கண்ணாடிச் சட்டம், கதவுப் பிடி, மீட்டர் போன்ற சிறு பொருள்கள்தான் மாதக்கணக்கில் காக்கவைக்கும். ஆகவே பாதி பிரித்த ஜோங்காவைச் சல்லிசாகக் கிடைக்கிறதென்று வாங்குவது கூடாது. எஞ்சின் ஓடாவிட்டாலும் பாகம் எல்லாம் ஒன்றாக இருக்கும் வண்டியே மேல்.

1975க்குப் பின் வந்த ஜோங்காக்களுக்கு விண்டேஜ் வயது இனிமேல்தான் ஒவ்வொன்றாக நிறைகிறது. படை விடுவிப்புக் காகிதத்தில் பழைய அம்புக்குறி எண்ணும் தயாரிப்பு ஆண்டும் இருந்தால் அதைப் பொக்கிஷமாக வைத்திருக்க வேண்டும். வயதுக்குச் சான்றாகக் காட்ட அதைவிட வலுவான ஒன்று கிடைக்காது.

இதே எஞ்சினோடு வந்த ஒரு டன் நிசான் வண்டியைப் பற்றி ஒரு சொல். பாகங்கள் பல பொது என்பதால், ஜோங்கா வைத்திருப்பவர் உதிரிக்காக ஒரு டன் வண்டியொன்றை உடைப்பில் எடுப்பது நல்ல யோசனை. அதையே ஓட்டுவதற்கு எடுத்தால் அது சரக்கு வண்டி. அடுத்து வரும் சக்திமானின் சிக்கல்கள் எல்லாம் அதற்கும் உண்டு.

சக்திமான்

ஜெர்மனியின் மான் நிறுவனத்தோடு 1958இல் செய்த ஒப்பந்தத்தின்படி 1959 முதல் ஜபல்பூரில் உருவான மூன்று டன் லாரி. முதலில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையிலும் பின்னர் வாகனத் தொழிற்சாலையிலுமாக 1996 வரை தயாரிப்பு நடந்தது. அந்த உருண்ட மூக்கும் நான்கு சக்கர இழுவையும் மறக்க முடியாதவை. எந்திரமாகப் பார்த்தால், நம் வட்டாரத்து லாரி மெக்கானிக்குக்கு இதில் அச்சப்பட ஒன்றுமில்லை. ஆறு சிலிண்டர் டீசல்; மின்னணு என்று ஒன்றும் கிடையாது. பம்பையும் இன்ஜெக்டரையும் கழற்றிக் கொடுத்தால் கலிபரேஷன் செய்துதர நெடுஞ்சாலை ஊர்களில் பம்ப் பட்டறைகள் இருக்கின்றன. மரப்பாடியும் தார்ப்பாய்ச் சட்டமும் சங்ககிரிப் பக்கம் சொன்னால் கட்டித் தருவார்கள். எதிர்பாராத வகையில், புதுப்பிக்கும் வேலை மட்டும் என்று பார்த்தால் ஜோங்காவைவிடச் சக்திமான் இங்கே எளிது.

சிக்கல் அதற்கு வெளியே இருக்கிறது. சரக்கு வண்டி என்பதால் விண்டேஜ் பதிவு கிடையாது. சாலையில் ஓட்ட வேண்டுமானால் சட்டத்தின் பார்வையில் அது மற்ற லாரிகளைப் போன்றதுதான்: ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, பசுமை வரி, சரக்கு வாகனக் காப்பீடு எல்லாம் வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டி என்பதால் சொந்த உபயோகத்துக்கும் பெர்மிட் வேண்டும். 7,500 கிலோவைத் தாண்டும் வண்டிக்கு இலகு வாகன உரிமம் போதாது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஆண்டுக்கொரு முறை இந்த வண்டியை நிறுத்தி, இன்றைய விதிகளுக்கு விடை சொல்வது பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குள் அடங்காது.

இன்னொன்று, டயர். லாரி ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் துருப்பிடித்திருந்தால் காற்றடிக்கும்போது பறந்து ஆளைக் கொல்லக்கூடியது. கூண்டு இல்லாத பஞ்சர் கடையில் இதைச் செய்யவிடக் கூடாது. போர்க்கால ஜீப்பின் இரண்டு துண்டு ரிம்முக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: காற்றை முழுக்க இறக்காமல் ரிம்மின் இரு பாதிகளைப் பிணைக்கும் நட்டைத் தொடக் கூடாது.

ஓசூர்க்காரர்கள் சிலர், சக்திமானுக்குப் பதிலாக நம் ஊர் அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரியை எடுக்கலாமே என்று கேட்பதுண்டு. அது இன்னும் படையில் பணியாற்றும் வண்டி. பழமை என்ற கணக்கில் சேர இன்னும் நாளிருக்கிறது.

ஒரு பார்வையில்

| | போர்க்கால ஜீப் | மகிந்திரா ஜீப் | ஜோங்கா | சக்திமான் |
|---|---|---|---|---|
| தயாரிப்பு | 1941–45 | 1940களின் இறுதி முதல் | 1969–99 | 1959–96 |
| எஞ்சின் | 2,199 சிசி பெட்ரோல் | 2,199 சிசி பெட்ரோல் (பல டீசலுக்கு மாறியவை) | 3,956 சிசி பெட்ரோல் | ஆறு சிலிண்டர் டீசல் |
| விண்டேஜ் பதிவு | உண்டு, மூலம் கெடாதிருந்தால் | 50 ஆண்டு நிறைந்தால் | பழைய வண்டிகளுக்கு மட்டும் | இல்லை |
| உதிரிபாகம் | வெளிநாட்டிலிருந்து | கடையிலேயே | தேடிச் சேர்க்க வேண்டும் | லாரி ஊர்களில் சமாளிக்கலாம் |
| பெரிய மறைசெலவு | மூல பாகங்கள் | காகிதச் சிக்கல் | பெட்ரோல், காத்திருப்பு | பெர்மிட், எஃப்.சி., டயர் |

எந்த வண்டிக்கும் வரும் செலவுகள்

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய கார்புரேட்டரின் ரப்பர், தக்கைப் பாகங்கள், பம்பின் டயாஃபிரம் ஆகியவை அதற்கெனச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பி, சில மாதங்களில் கசியத் தொடங்கும். எஞ்சின் வேலை செய்யும்போதே எத்தனால் தாங்கும் ரப்பருக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுவது மலிவு. எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் டேங்க்கை மாதக்கணக்கில் அரைகுறையாக வைத்திருந்தால் உள்ளே துரு பிடிக்கும். சித்திரை வெயிலில் மேட்டில் ஏறும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நிற்பதும் நடக்கும். குழாயைப் புகைபோக்கியிலிருந்து விலக்கி, வெப்பம் படாமல் மறைப்புக் கட்டினால் பெரும்பாலும் தீரும்.

பிரேக்குக்கு எவ்வளவு செலவழித்தாலும் தகும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து புறப்படும் தண்டைப் பிடிக்கிறது. வண்டி ஓடும்போது அதை இழுத்தால் தண்டும் கிரவுனும் அடிபடும். தொப்பூரில் இறங்குமுன் மேலேயே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும்; அமுக்கம் குறைந்த பக்கவால்வு எஞ்சின் இறக்கத்தில் வண்டியைப் பிடிப்பது சொற்பமே.

வெளிமாநில வண்டியானால் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வரி, புது எண் என்று தனிச் செலவு வரிசை இருக்கிறது. தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசலுக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலுக்கும் தடை வந்ததிலிருந்து அங்கிருந்து சல்லிசாக வண்டிகள் இறங்குகின்றன. அந்த விலைக்குள் லாரியில் ஏற்றி வரும் கூலியும் பதிவுச் செலவும் அடங்கவில்லை.

யாருக்கு எது

முதல் முறை இறங்குகிறவருக்கு, ஓட்டவும் வேண்டும் பழுதுபார்க்கவும் வேண்டும் என்பவருக்கு, சாதாரண ஆர்.சி. உயிரோடு உள்ள மகிந்திரா பெட்ரோல் ஜீப்பே என் தேர்வு. டீசலாக இருந்தால், அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். மாதச் சம்பளத்திலிருந்து செலவழிப்பவரும் இரண்டு ஆண்டில் முடித்துவிடக்கூடிய வேலை அது. ஏற்கெனவே ஒரு ஜீப்பைக் கட்டி ஓட்டியவர், தேடி அலைவதையே விருப்பமாகக் கொண்டவர், பெட்ரோல் கணக்கைப் பார்க்காதவர் ஜோங்காவுக்குப் போகலாம். போர்க்கால ஜீப்பை, எண்களும் காகிதமும் சரியாக இருந்தால் கடன் வாங்காமல் வாங்க முடிகிறவர் வாங்கலாம். மற்றவர்கள் கண்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம்.

சக்திமானை ஒரே ஒரு வகையினருக்குத்தான் பரிந்துரைப்பேன்: லாரித் தொழில் வீட்டிலேயே இருந்து, பட்டறையும் உயர்ந்த கொட்டகையும் சொந்தமாகக் கொண்டு, வண்டியைத் தம் நிலத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பதில் நிறைவடைகிறவர்கள். அப்படிப்பட்டவருக்குக் காகிதமற்ற வண்டியும் பொருந்தும். ஆனால் ஏல ரசீதும் படை விடுவிப்புக் கடிதமும் இல்லாமல் எடுத்தால், திருட்டுச் சாமான் என்ற சந்தேகத்துக்கு நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

எந்த வண்டியானாலும், பெயர் மாற்றமும் சேஸ் எண் சரிபார்ப்பும் முடியும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. தர்மபுரியில் டிஎன்-29, கிருஷ்ணகிரியில் டிஎன்-24, ஓசூரில் டிஎன்-70 என்று எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வண்டியை நேரில் காட்டச் சொல்வார்கள். பிரித்துப்போட்ட ஜீப்பை நான்கு சாக்குப் பையில் கொண்டுபோய்க் காட்ட முடியாது.